கற்றுக்கொடுத்த பையன் ஓசூருக்குப் போய்விடுவானே, அப்ரண்டிஸ் எடுக்கலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் தொழிற்பேட்டைக்குள் 35 பேரை வைத்து மெஷின் ஷாப் நடத்துகிறீர்கள். புஷ், ஃபிளேஞ்ச், வால்வு பாகங்கள் என்று ஆர்டர் வருகிறது. பக்கத்துப் பாலிடெக்னிக்கிலிருந்து இரண்டு பேர் வந்து, புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். சட்டப்படி இது கட்டாயமா, எவ்வளவு செலவாகும், ஒப்பந்தம் போட்டால் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசி வரியில்தான் இருக்கிறது: "ஒரு வருஷம் கற்றுக்கொடுத்து ஆளாக்கினால் ஓசூருக்கோ கோயமுத்தூருக்கோ போய்விடுகிறான். அப்புறம் நான் எதற்கு மெனக்கெட வேண்டும்?"

எடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் கல்லூரி நீட்டும் ஒப்பந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பெயர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஷாப்பில் கற்றுக்கொடுக்கப் போகிறவர் பெயர் ஒன்று, கல்லூரியிலிருந்து மாதாமாதம் உங்கள் வாசலுக்கு வரப்போகிற ஆசிரியரின் பெயர் ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் ஒப்பந்தம் இல்லாமல்கூட வேலை நடக்கும். இவை இல்லாவிட்டால் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, பேப்பரில் செய்தி வந்தாலும் ஒன்றும் நடக்காது. நான் இந்த மாவட்டத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்து, பல வருஷம் பயிற்சி, வேலைவாய்ப்புப் பிரிவையும் பார்த்தவன். கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை செய்தவன். இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. 1961ஆம் வருஷத்துப் பழகுநர் சட்டம்தான் அடிப்படை; பழகுநர் என்றால் அப்ரண்டிஸ். 2019இல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். எண்ணிக்கை மொத்த ஆள்பலத்தில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை. இந்தக் கணக்கில் காண்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்தி. பலர் நிரந்தர ஆட்களை மட்டும் எண்ணிவிட்டு நமக்கு இது வராது என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் 35 பேருக்குக் கணக்குப் போட்டால் குறைந்தது ஒருவர், அதிகம் போனால் ஐந்து பேர். நான்கு பேரிலிருந்து 29 பேர் வரை வைத்திருக்கும் சின்னப் பட்டறைகூட விருப்பம் இருந்தால் எடுக்கலாம், அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

உதவித்தொகையும் அதே 2019 விதிகளில் இருக்கிறது. ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று அவை வைத்தன. இவற்றை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்தியப் பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அதனால் ஒப்பந்தம் பதிவு செய்யும் அன்று அரசின் பழகுநர் போர்ட்டலில், அதாவது இணையதளத்தில், என்ன தொகை காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு இதில் ஒரு பங்கு தருகிறது. இங்கேதான் இரண்டு திட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐடிஐ பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், அதாவது நாப்ஸ். அதில் அரசின் பங்கு 25 சதவீதம், உச்சவரம்பு மாதம் 1,500 ரூபாய். டிப்ளமோவும் டிகிரியும் முடித்தவர்களுக்கு தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டம், அதாவது நாட்ஸ். அதைத் தெற்கே நடத்துவது சென்னை தரமணியில் இருக்கும் பழகுநர் பயிற்சி வாரியம். அதில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. ஆக, 2019 தொகைப்படி ஐடிஐ பையன் ஒருவனுக்கு உங்கள் கையிலிருந்து போவது 5,500, டிப்ளமோ பையனுக்கு 4,000. முன்பெல்லாம் முழுத் தொகையையும் நாம் கொடுத்துவிட்டு, அரசின் பங்கு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். நாப்ஸில் 2023 ஆகஸ்டிலிருந்து அந்தப் பங்கு நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. பிள்ளையின் ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கிறதா என்று சேர்க்கும்போதே பார்த்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

இன்னும் மூன்று விஷயங்கள் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. அதனால் பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை, இங்கேயே இருக்கவேண்டும் என்ற கடமை அவருக்கும் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது. இஎஸ்ஐ இல்லை என்பது செலவு மிச்சம் போலத் தெரியும். ஆனால் மெஷினில் ஒரு விரல் போனால் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். சேர்க்கும் அன்றைக்கே குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வயதையும் பாருங்கள்: பொதுவாக 14 நிறைந்தால் போதும், ஆபத்தான தொழில்களுக்கு 18.

அடுத்தது, கல்லூரிக்காரர்கள் "பயிற்சி" என்று சொன்னால் எந்தப் பயிற்சி என்று கேளுங்கள். ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வேறு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து அரை நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது ஒன்று. செமஸ்டர் லீவில் இரண்டு வாரம் வந்து சர்டிபிகேட் வாங்கிப் போகும் இன்பிளான்ட் டிரெய்னிங் இன்னொன்று. இவை இரண்டும் அப்ரண்டிஸ்ஷிப் கிடையாது, உங்கள் சட்டக் கணக்கிலும் சேராது. படிக்கும்போதே தொழிற்சாலையில் ஒரு காலத்தைக் கழிப்பது மூன்றாவது வகை. நம்மூர் டிப்ளமோவில் சாண்ட்விச் படிப்பு என்று மூன்றரை வருஷம், ஏழு செமஸ்டராக நெடுநாளாக இருப்பது இந்த வகைதான். ஐடிஐயில் இதற்கு இணையாக இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது, அதில் ஐடிஐயும் தொழிற்சாலையும் ஒப்பந்தம் போட்டுப் பாடத்தைப் பிரித்துக்கொள்கின்றன. டிகிரி படிப்பிலும் இப்போது இது வந்துவிட்டது. மூன்று வருஷப் படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை வேலையிடத்தில் கழிக்க பல்கலைக்கழக மானியக் குழு வழி செய்திருக்கிறது. படிப்பு முடித்தவரை ஒரு வருஷத்துக்குப் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவு செய்து எடுப்பதுதான் நீங்கள் நினைக்கும் அப்ரண்டிஸ். உங்களிடம் வந்தவர்கள் இதில் எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால், நீங்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள், அவர்கள் வேறொன்றை அனுப்புவார்கள். தரச்சான்று ஆய்வுக்குக் குழு வரும்போது தொழில்துறையோடு எத்தனை ஒப்பந்தம் இருக்கிறது என்று கல்லூரிகளைக் கேட்கிறார்கள். அதற்காக எண்ணிக்கை சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு, உண்மையான அக்கறையோடு வருகிறவர்களும் உண்டு. "எந்த ஆசிரியர் வருவார், எந்த மாதத்திலிருந்து?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சரி, ஓசூர் விஷயத்துக்கு வருவோம். இதில் யாரும் உத்தரவாதம் தர முடியாது, நானும் தரமாட்டேன். பெரிய கம்பெனி கூடுதல் சம்பளமும் கேன்டீனும் பஸ்ஸும் கொடுத்தால் இருபது வயசுப் பையன் போகத்தான் செய்வான். போகக்கூடாது என்று நினைப்பதும் நியாயம் இல்லை. ஆனால் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். மூன்றாவது, நான்காவது மாதத்திலேயே சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் ஒரு வகை. வருஷம் முடித்து, சொல்லிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. நான் பார்த்தவரை முதலாளிகளுக்கு உண்மையான நஷ்டத்தை ஏற்படுத்துகிறவர்கள் முதல் வகையினர். அவர்கள் போவதற்குப் பெரும்பாலும் ஓசூர் காரணமாக இருப்பதில்லை. நாள் முழுக்க ஒரே மெஷின் முன்னால் நிற்கவைத்து, ஜாப்பை (செய்யும் பாகத்தை) மாட்டு, பட்டனை அழுத்து, கழற்று என்று விட்டுவிட்டால், ஒரு மாதத்தில் அவனுக்குப் புரிந்துவிடும், இங்கே தன்னைச் சம்பளம் குறைந்த ஹெல்பராகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று. வீட்டுக்குப் போன் பண்ணி, "அம்மா, இங்க ஒண்ணும் கத்துத் தர மாட்டேங்கறாங்க" என்பான். அதோடு, வாழப்பாடியிலிருந்தோ ஓமலூரிலிருந்தோ வரும் பிள்ளைக்கு பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக 7,000 ரூபாயில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். டெலிவரி வேலைக்குப் போகும் அவன் நண்பன் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறான். சட்டம் சொல்வது குறைந்தபட்சத் தொகை. அதற்கு மேல் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. மாதம் 2,000 கூட்டிக் கொடுத்து, மதியச் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டால் முதல் வகைப் போக்கு கணிசமாகக் குறைவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் காசு மட்டும் போதாது. பையன் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கே தெரியவேண்டும். கற்றுக்கொடுப்பது என்றால் என்னவென்று ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்களுக்கு இது தெரிந்ததுதான். 32 மில்லிமீட்டர் போர், அதாவது துளை; டாலரன்ஸ், அதாவது அளவு விலகலாம் என்று விட்ட இடம், 25 மைக்ரான் என்று வையுங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பையன் டர்னிங் சென்டர் என்னும் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும்) லேத்திலிருந்து ஜாப்பை எடுத்த கையோடு துளையை அளக்கும் டயல் போர் கேஜை விட்டுப் பார்க்கிறான். அளவு சரியாக இருக்கிறது, ட்ரேயில் அடுக்குகிறான். மறுநாள் இன்ஸ்பெக்ஷனில் பாதி ஜாப் சின்னதாகக் காட்டுகிறது. பையன் பொய் சொல்கிறான் என்று சூப்பர்வைசர் கத்துகிறார். அவன் பொய் சொல்லவில்லை. ஜாப் அறைவெப்பத்தைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், 32 மில்லிமீட்டர் எஃகுப் போர் ஏழு மைக்ரான் அளவுக்குப் பெரிதாகக் காட்டும். ஆறியதும் சுருங்கிவிடும். கூடவே வெட்டும் இன்சர்ட் முனை தேயத் தேய போர் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் ஜாப் ரிஜெக்ட். வெப்ப விரிவுக் குணகத்தைக் கல்லூரியில் நாங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம், அவன் பரீட்சையிலும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறான். ஆனால் அந்தக் குணகம்தான் தன் கையிலிருக்கும் கேஜில் முள்ளை நகர்த்துகிறது என்பது ஷாப் தரையில்தான் தெரியும். அதை அவனுக்கு யார் சொல்வது? உங்கள் ஃபோர்மேனுக்கு "ஆறவிட்டு அளடா" என்று தெரியும், ஏன் என்று விளக்க நேரம் இருக்காது. எங்கள் ஆசிரியருக்கு ஏன் என்று தெரியும், இந்த மெஷினில் இந்த ஜாப்பில் அது நடக்கிறது என்று தெரியாது. இந்த இரண்டு பேரையும் ஒரே ரிஜெக்ட் ஜாப்புக்கு முன்னால் நிறுத்துவதுதான் கல்லூரியும் தொழிற்சாலையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. மற்றதெல்லாம் பேப்பர் வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு ஷாப்பில் இதை எளிமையாகச் செய்தார்கள். ரிஜெக்ட் ஜாப் போடும் சிவப்புத் தொட்டியிலிருந்து சனிக்கிழமை மதியம் அப்ரண்டிஸ் ஒவ்வொருவரும் ஒரு ஜாப்பை எடுக்கவேண்டும். டிராயிங்கை வைத்துக்கொண்டு எல்லா அளவையும் தானே அளந்து, எது தப்பு, எதனால் தப்பியிருக்கும் என்று நோட்டில் அரைப் பக்கம் எழுதவேண்டும். ஃபோர்மேன் அதைப் படித்து, சரி, தப்பு என்று பேசுவார். ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லூரி ஆசிரியரும் வந்து உட்காருவார். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைகள் மெஷின் வெட்டும் அளவைச் சரிசெய்யும் ஆஃப்செட்டைத் திருத்தும் அளவுக்கு வந்தார்கள். ரிஜெக்ஷன் குறைந்ததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், அதே சமயத்தில் அங்கே ஜாப்பைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரும் மாற்றினார்கள். ஆனால் பிள்ளைகள் நின்றார்கள். வருஷம் முடிந்து போனவர்களும் தங்கள் ஊர்ப் பையன்களை அங்கே அனுப்பிவைத்தார்கள்.

இதில் முதலாளிகள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் ஃபோர்மேனின் நிலை. உங்கள் ஆபரேட்டருக்கோ சூப்பர்வைசருக்கோ உற்பத்தியை வைத்து இன்சென்டிவ் கொடுத்தால், பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவர் பாக்கெட்டிலிருந்து போகிறது. நன்றாகச் சொல்லிக்கொடு என்று வாயால் சொன்னால் அவர் தலையாட்டுவார், ஆனால் மெஷினை விட்டு நகரமாட்டார். அவர் மேல் தப்பில்லை. கற்றுக்கொடுக்கும் மணி நேரத்தை அவர் உற்பத்திக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், இல்லையென்றால் அதற்கென்று மாதம் ஒரு தொகை கொடுங்கள். இன்னொரு பயம் பழைய ஆட்களுக்கு உண்டு: இவனுக்குக் கற்றுக்கொடுத்தால் என் இடத்துக்கே வந்துவிடுவான் என்று. டிப்ளமோ படித்த பையன் என்றால் அந்தப் பயம் கூடும். பழகுநர்களைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஃபோர்மேனிடம் உட்கார்ந்து பேசுங்கள். அரசின் பங்கைப் பற்றிக் கணக்குப் பார்ப்பதைவிட இந்தப் பேச்சு முக்கியம்.

கல்லூரியிடம் நீங்கள் கேட்கவேண்டியது ஒரு பயிற்சித் தாள். முதல் மாதம் பாதுகாப்பு, டிராயிங் படிப்பது, அளவுக் கருவிகள். லேத்தில் நிற்கும்போது கையுறை போடக்கூடாது, வெட்டும்போது வரும் உலோகச் சுருளைக் கையால் இழுக்கக்கூடாது, கொக்கியால்தான் எடுக்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்கட்டும். பிறகு எந்த மாதம் எந்த மெஷின், எப்போது செட்டிங், எப்போது புரோகிராம் திருத்தம் என்று உங்கள் ஃபோர்மேனும் அவர்கள் ஆசிரியரும் சேர்ந்து எழுதட்டும். இரண்டு பக்கம் போதும். பையன் கையில் ஒரு நகல் இருக்கட்டும், அவன் தன் வீட்டில் காட்டட்டும். பதிலுக்குக் கல்லூரிக்கு நீங்கள் கொடுக்கக்கூடியவையும் உண்டு. பழைய டிராயிங்குகளில் வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டுக் கொடுங்கள், ரிஜெக்ட் ஜாப்களைக் கொடுங்கள், கோடை லீவில் ஓர் இளம் ஆசிரியரை ஒரு வாரம் உங்கள் ஷாப்பில் நிற்க விடுங்கள். அப்படி நின்ற ஆசிரியர் வகுப்பில் பேசுவது மாறிவிடும், நீங்களே பார்ப்பீர்கள். எதிர்த்திசையிலும் பாதை திறந்திருக்கிறது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளை மேம்படுத்தியது, செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். அந்த மையங்களில் உள்ள சில மெஷின்கள் நம்மூர்ச் சின்ன ஷாப்புகளில் இருக்காது. உங்கள் ஆபரேட்டர்களை அங்கே குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கோரிமேடு அரசு ஐடிஐயில் பழகுநர் சேர்க்கை முகாம்கள் நடக்கும்போது போய் உட்கார்ந்தால், அதிகாரிகளையும் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் பார்த்துப் பேசிவிடலாம்.

சின்ன ஷாப்புகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, நீங்கள் அதை எழுதவில்லை என்றாலும் வரும். உங்களிடம் டர்னிங் இருக்கும், கிரைண்டிங் இருக்காது. ஹீட் ட்ரீட்மென்டுக்கு வெளியே கொடுப்பீர்கள். ஒரு வருஷம் உங்களிடம் மட்டும் இருந்தால் பையன் பாதித் தொழிலைத்தான் பார்ப்பான். இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பல முதலாளிகள் ஒன்றுசேர்ந்து தங்கள் பழகுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று பழகுநர் சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்கிறது. பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரி ஏற்றுக்கொண்ட ஓர் அமைப்பின் மூலமாகவும் செய்யலாம். உங்கள் பேட்டையிலேயே நான்கைந்து பேர் சேர்ந்தால், ஒருவரிடம் மூன்று மாதம் டர்னிங், அடுத்தவரிடம் மில்லிங், இன்னொருவரிடம் இன்ஸ்பெக்ஷன் என்று சுற்றில் விடலாம். கல்லூரி அந்தச் சுற்றை ஒருங்கிணைக்கும். நம்மூரில் இதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தியதை நான் பார்க்கவில்லை, அது எனக்கு வருத்தம்தான். காரணம் எளிது: பக்கத்து ஷாப்புக்காரர் பையனை இழுத்துக்கொள்வார் என்ற பயம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஒருவர் பையனை ஒருவர் இழுப்பதில்லை என்று நான்கு பேர் வாய்மொழியாக ஒத்துக்கொண்டாலே தொடங்கிவிடலாம். ஜெர்மனியில் பயிற்சிப் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியிலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் இருக்கிறார்கள். அங்கே பரீட்சை நடத்துவது தொழில்வணிகச் சங்கங்கள். அதாவது தரத்தை முடிவு செய்வதில் முதலாளிகளும் கூடி உட்காருகிறார்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, ஆனால் முதலாளிகள் கூடிப் பேசும் அந்த ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். போட்டியாளர் என்று பார்த்தால் முடியாது, எல்லாருக்கும் ஒரே ஆள் பஞ்சம்தான் என்று பார்த்தால் முடியும்.

சேலத்துக்கென்று ஒரு சாதகமும் இருக்கிறது. இரும்பாலை, மேச்சேரி பக்கம் ஜேஎஸ்டபிள்யூ, மேட்டூர் அனல்மின் நிலையம், அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற பெரிய இடங்களில் பயிற்சி முடித்து, அங்கேயே வேலை கிடைக்காமல் சான்றிதழோடு வெளியே வரும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் நிறைய. அவர்களுக்கு ஷிப்ட் ஒழுங்கும் பாதுகாப்பு ஒழுங்கும் படிந்திருக்கும். அப்ரண்டிஸாக எடுக்க முடியாது, ஏற்கெனவே முடித்தவர்கள். வேலைக்கு ஆள் தேடும்போது அவர்களை முதலில் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை. அதன் வேலை எப்போது, எவ்வளவு இங்கே வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வரும்போது மைக்ரானைப் படிக்கத் தெரிந்த ஆள் இருக்கும் ஷாப்புக்குத்தான் வரும். வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறி இவற்றில் தொழில் வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது. அங்கே கல்லூரியை எப்படி இணைப்பது என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. நான் எழுதியதை மெஷின் ஷாப், ஃபேப்ரிகேஷன், பராமரிப்பு வேலைகளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளையும் கேட்டு எடுங்கள். "பையன்" என்றே நீங்களும் எழுதினீர்கள், நானும் எழுதிக்கொண்டு வருகிறேன். ஆனால் இன்ஸ்பெக்ஷனிலும் சிஎன்சியிலும் நான் பார்த்த நல்ல கைகளில் பல பெண்களுடையவை. அவர்கள் நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலை கிடையாது, கழிப்பறையும் ஷிப்ட் முடியும் நேரமும்தான். ஏற்காடு மலை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் இதே கதை. கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போகும் கடைசி பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு ராத்திரிக்குப் போக்கிடம் இல்லை. முதல் ஷிப்ட் மட்டும் கொடுப்பதாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் கல்லூரி விடுதியிலேயே பயிற்சிக் காலம் முழுக்கத் தங்க வழி செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தாளில் கல்லூரியின் பொறுப்பு என்று எழுதவேண்டிய விஷயங்களில் இது ஒன்று.

இனி என்ன செய்வது என்று கேட்டால்: முதல் வருஷம் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒரு ஐடிஐ, ஒரு டிப்ளமோ என்று எடுங்கள், இரண்டு திட்டத்தின் நடைமுறையும் உங்களுக்குப் பழகும். தேர்வு முடிவுகள் வருவதற்கு முன்பே கல்லூரியிடம் பேசிவிடுங்கள். முடிவு வந்த பிறகு போனால் நல்ல பிள்ளைகளை ஓசூர்க்காரர்கள் கேம்பஸிலேயே எடுத்துப் போயிருப்பார்கள். போகும்போது ஃபோர்மேனையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைகளை அவர் பார்க்கட்டும், அவரும் கேள்வி கேட்கட்டும். பயிற்சி முடிந்ததும் என்ன சம்பளம் தருவீர்கள் என்பதை ஒன்பதாவது மாதமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பலர் கடைசி வாரம்வரை சொல்வதில்லை, அதற்குள் அவர்கள் வேறு இடத்துக்கு வார்த்தை கொடுத்துவிடுகிறார்கள். வந்து கேட்ட பாலிடெக்னிக் எந்தப் பயிற்சியைக் கேட்டது, எந்த ஆசிரியர் வருவார் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். பயிற்சித் தாளின் முதல் மூன்று மாதத்தை எழுத நான் உதவுகிறேன்.